நான் காட்டாமல் விட்டவை

பெங்களூர் விவேக் நகரில் குடியிருக்கிறேன். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். அதோடு, புதிதாக வரும் மிரர்லெஸ் கேமராக்களைச் சோதித்துப் பார்த்து, வீடியோவுக்கு எது உகந்தது, எதன் ஆட்டோஃபோகஸை நம்பலாம் என்று எழுதியும் பேசியும் வந்தவன். ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா, நீலசந்திரா, அல்சூர் பக்கம் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் தமிழ்ப் பையன்கள் பலர் கேமரா வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்தும் போன் வரும். அந்த ஒரு வார்த்தையை நான் நேர்மையாகச் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல, தெரிந்தே சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். கேமரா நன்றாக வேலை செய்த காட்சிகளை மட்டும் காட்டி மதிப்பெண் போட்டேன். ஃபோகஸ் தவறிய காட்சிகளை வெட்டி ஒதுக்கினேன். அதே கேமராவை என் பேச்சைக் கேட்டு வாங்கிய ஒருவர், ஃபோகஸ் போய்விட்டது என்று வந்து நின்றபோது, பழியை அவர் தலையிலேயே போட்டு அனுப்பினேன்.

என் சோதனைக்களம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. காலை வெயில் சாய்வாக விழும் நேரம். என் நண்பர் ஒருவர் மாடியின் அந்தக் கோடியிலிருந்து கேமராவைப் பார்த்தபடி நடந்து வருவார். சிவந்த முகம், படிய வாரிய தலை, மூக்குக் கண்ணாடி கிடையாது. அவர் கண்மேல் ஒரு சின்னப் பெட்டி ஒட்டிக்கொண்டு கூடவே வரும். லென்ஸை எஃப் 1.8இல் திறந்து வைத்திருப்பேன். பின்னால் இருக்கும் வீடுகளும் தென்னை மரமும் கரைந்துபோயிருக்கும். பிறகு நான் கேமரா முன் உட்கார்ந்து ஒரு டப்பாவை லென்ஸுக்கு நேராக நீட்டுவேன். ஃபோகஸ் முகத்திலிருந்து டப்பாவுக்குத் தாவும். டப்பாவை இழுத்துக்கொண்டால் முகத்துக்குத் திரும்பும். சட்டென்று தாவினால் 10க்கு 9. கொஞ்சம் தயங்கினால் 8. இவ்வளவுதான் என் தீர்ப்பு.

பகல் வெளிச்சம், ஒரே ஆள், கேமராவை நேராகப் பார்க்கும் முகம். இந்த மூன்றும் கூடினால் அண்மையில் வந்த கேமராக்களில் பெரும்பாலானவை தேறிவிடும். டப்பாவை நீட்டும் வேலைக்கென்றே சோனி 2020இல் இசட்வி 1 கேமராவில் தனி வசதி ஒன்றை வைத்தது. ஆக, கேமரா எதற்காகத் தயார் செய்யப்பட்டதோ அதையே கேட்டு, அது சரியாகச் செய்ததும் பாராட்டினேன். கல்யாண மண்டபத்தில் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்க வேண்டும்தான். ஆனால் யாருடைய முகத்தை விடக்கூடாது, குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பதில்தான் வேலையின் முழுக் கனமும் இருக்கிறது. அதை நான் அளக்கவே இல்லை. அளந்தால் என்ன வரும் என்று பின்னால் தெரிந்துகொண்ட பிறகும் அளக்கவில்லை.

ஆட்டோஃபோகஸை நான் அவ்வளவு நம்பியதற்குக் காரணம் உண்டு. 2008இல் வந்த கேனான் 5டி மார்க் 2 எங்களைப் போன்ற கல்யாண வீடியோக்காரர்களின் கையில் சினிமாவின் தோற்றத்தைக் கொடுத்தது. பெரிய சென்சார், முழு எச்டி வீடியோ. ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளைத் தொடர்ந்து போகும் ஃபோகஸ் அதில் இல்லை. லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் பிடிக்க வேண்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.4இல் வைத்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். மணப்பெண் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும். சினிமாவில் டேப் பிடித்துத் தூரம் அளந்து வளையத்தைத் திருப்புவதற்கென்றே ஃபோகஸ் புல்லர் ஒருவர் இருப்பார். மண்டபத்தில் எல்லாவற்றுக்கும் நாங்கள் ஒருவர்தான்.

அதே 2008இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையின் முதல் மிரர்லெஸ்ஸாகப் பானசோனிக் ஜி1 வந்தது. தொடக்கக் காலத்து மிரர்லெஸ்கள் கான்ட்ராஸ்டை வைத்து ஃபோகஸ் தேடின. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல, சரியான இடத்தைத் தாண்டிப்போன பிறகுதான் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து திரும்பி வரும். போட்டோவில் இந்தத் தள்ளாட்டம் தெரியாது. வீடியோவில் ஒவ்வொரு அலைவும் பதிவாகிவிடும். 2013இல் கேனான் 70டியில் டூயல் பிக்சல் முறை வந்தது. ஒவ்வொரு பிக்சலும் இரண்டு பாதி. லென்ஸின் ஒரு பக்கம் வழியாக வரும் ஒளியையும் மறுபக்கம் வழியாக வரும் ஒளியையும் ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று நகருமுன்பே கணக்கிட்டுவிடும். 2018இல் வந்த சோனி ஏ7 3இல் இப்படி ஒப்பிடும் புள்ளிகள் 693. நெடுங்காலம் கான்ட்ராஸ்ட் வழியிலேயே நின்ற பானசோனிக்கும் 2023இல் எஸ்5 2 மூலம் இந்த ஒப்பிடும் முறைக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் முகத்தையும் கண்ணையும் அடையாளம் காணும் திறன் சேர்ந்துகொண்டது. மாடியில் என் நண்பரின் கண்ணோடு ஒட்டி வந்த பெட்டியை முதன்முதலாகப் பார்த்த நாளில், வளையம் திருப்பித் திருப்பி மணிக்கட்டு வலித்த காலம் முடிந்தது என்று மனம் நிறைந்து நம்பினேன். அந்த மகிழ்ச்சியைத்தான் முதலில் எழுதினேன். அதுவரை பொய் கிடையாது.

பொய் தொடங்கியது எங்கள் பகுதியில் எடுத்த ஒரு தேவாலயக் கல்யாணத்துக்குப் பிறகு. 9 மதிப்பெண் கொடுத்து எழுதி முடித்திருந்த கேமராவைத்தான் கொண்டுபோயிருந்தேன். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். மணப்பெண் முகத்தின்மேல் வெள்ளை வலைத்துணி. பீடத்தில் வரிசையாக மெழுகுவர்த்திகள். கேமரா வலையின் நூலைப் பிடித்துக்கொண்டது. நூல் கூர்மையாகவும் உள்ளே இருந்த முகம் மங்கலாகவும் விழுந்தன. வலையை விலக்கியதும் கண்ணைப் பிடித்தது. தாலி கட்டும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்தார். கேமரா அவரை விட்டுவிட்டு, பின்னால் பூக்கூடையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்த சிறுமியின் முகத்துக்குப் போய்விட்டது. ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு மாறும் உணர்திறனை நான் ஏற்கெனவே கடைசி அளவுக்குக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். அப்படியும் போனது. கையால் மீட்டுக்கொண்டு வருவதற்குள் முடிச்சு முடிந்துவிட்டது.

உதவியாளர் பக்கவாட்டில் இன்னொரு கேமராவை மேனுவலில் வைத்திருந்தார். எடிட்டில் அவருடைய ஷாட்டைப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. என்னுடைய ஷாட் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. மதிப்பெண்ணை மாற்றவில்லை. ஒரு வரிகூடச் சேர்த்து எழுதவில்லை.

அடுத்தடுத்த முகூர்த்தங்களில், வேறு கேமராக்களிலும், ஒரே மாதிரித் தவறுகளைக் கண்டேன். அட்சதை தூவ நீளும் கைகள் குறுக்கே வந்தால் ஃபோகஸ் கைக்குப் போகும். கை விலகிய பிறகும் உடனே திரும்பாது. ஓமப்புகை முகத்தை மறைத்தால் முன்னும் பின்னும் அலையும். ஆரத்தித் தட்டின் சுடர் வந்தால் சுடருக்குப் போகும். குனிந்த முகத்தை முகமென்று கண்டறியாமல் அட்டிகைக் கல்லையோ மாலையின் மல்லிகையையோ பிடித்துக்கொள்ளும். பல சென்சார்கள் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மட்டுமே ஒப்பிடுவதால், நிமிர்ந்து நிற்கும் கோட்டை எளிதில் பிடிக்கும், கிடையாக ஓடும் கோட்டில் திணறும். மடியில் குறுக்கே விரிந்த பட்டுக்கரையில் அதைப் பார்க்கலாம். இவையெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே வந்தன. அந்த ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பிக்கொண்டே வந்தது. மாடியில் நண்பர் நடந்து வரும் காட்சியை வைத்தே நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த 9 மதிப்பெண் கேமராவை வாங்கியவர்களில் ஒரு தம்பி, ஓசூர்ப் பக்கம் தனியாகக் கல்யாண ஆர்டர் எடுப்பவர். உதவிக்கு ஆள் இல்லை, இரண்டாவது கேமராவும் இல்லை. வீட்டில் இருந்த நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதியை மாதத் தவணையில் போட்டு வாங்கினார். வாங்குமுன் போன் செய்து, "அண்ணா, தனி ஆளா எடுக்கறேன். போகஸை நம்பி விடலாமா?" என்று கேட்டார். "தாராளமா விடலாம் தம்பி, அது பாத்துக்கும்" என்றேன். தேவாலயக் கல்யாணம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அந்த ஷாட் அப்போது என் மேசைமேல் இருந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விவேக் நகருக்கே வந்துவிட்டார். மண்டபத்தில் நடந்த முகூர்த்தம். மணப்பெண் குனிந்திருக்கிறார். பின்னால் நாத்தனார் கையில் விளக்கோடு நிமிர்ந்து நின்று நேராகப் பார்க்கிறார். கெட்டிமேளம் தொடங்கியதும் ஃபோகஸ் மணப்பெண்ணை விட்டு நாத்தனார் முகத்துக்குப் போகிறது. மூன்று முடிச்சும் முடிகிறவரை அங்கேயே நிற்கிறது.

"மொத கல்யாணத்துலயே இப்படி ஆயிடுச்சுண்ணா. பொண்ணு வீட்ல மீதிக் காசைத் தர மாட்டேங்கறாங்க. அட்வான்ஸையும் திருப்பிக் கேக்கறாங்க."

"செட்டிங்ஸ் என்ன வெச்சிருந்த?" என்று கேட்டேன். சொன்னார்.

"அதான் பாரு. ஆள் மாறுற சென்சிட்டிவிட்டிய அப்படியே விட்டிருக்க. அதைக் கொறச்சிருக்கணும். கேமரா மேல தப்பு இல்ல தம்பி."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்கண்ணா, எனக்குத் தெரியல" என்று லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார்.

நான் சொன்ன அந்த அமைப்பு பல கேமராக்களில் இருக்கிறது. சோனியில் 1 முதல் 5 வரை, கேனானில் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மாற்றலாம். குறைத்து வைத்தால், குறுக்கே ஒரு கை வந்து போகும்போது ஃபோகஸ் பொறுத்திருக்கும். அதற்கு அது உதவும். ஆனால் குனிந்த முகத்தைக் கேமரா முகமென்றே காணாதபோது, அடுத்து நிமிர்ந்து நிற்கும் முகத்துக்கு அது போவதை இந்த எண் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. அதையும் குறைத்துப் பார்த்து, அப்படியும் தவறிய ஷாட்டை நான் பார்த்திருந்தேன். ஆகவே அன்று அவரிடம் சொன்னது ஆலோசனை அல்ல. பொய் என்று தெரிந்தே சொன்ன பொய்.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். புதிய கேமராக்கள் சில நாள் இரவலாக என் கைக்கு முன்னதாகவே வந்துகொண்டிருந்தன. கடுமையாக எழுதினால் அடுத்தது தாமதமாக வருமோ என்று பயந்தேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை, எப்படி எழுத வேண்டும் என்றும் கேட்டதில்லை. பயம் முழுக்க என்னுடையது. இரண்டாவது காரணம், முதலில் சொன்னவன் என்ற பெயர் மேலிருந்த ஆசை. ஒரு கேமராவை உண்மையாக அறிய முகூர்த்த சீசன் ஒன்று வேண்டும். அவ்வளவு காத்திருந்தால் பெயர் வேறொருவருக்குப் போய்விடும். மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. "இவர் ஷாட் என்றைக்கும் மங்காது" என்று ஊரில் சொல்வார்கள். அதைக் காப்பாற்றுவதற்காக, என் கையில் தவறியதை மறைத்தேன். அதே தவறு ஒரு சின்னப் பையன் கையில் நேர்ந்தபோது அவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னேன்.

இதில் இன்னொரு குற்றமும் சேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நான், அம்மா, தங்கை எல்லோருமே நல்ல கறுப்பு. சோதனைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் சிவந்த நிறமுள்ள நண்பரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். படம் பளிச்சென்று இருக்கும், பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். நான் எடுக்கும் கல்யாணங்களில் பெரும்பாலான முகங்கள் என் தங்கையின் நிறம்தான். சோதனையில் அந்த நிறத்துக்கு இடமே கொடுக்கவில்லை.

பின்னால் ஒருநாள் மாலை நண்பரையும் தங்கையையும் ஒரே இடத்தில், ஒரே லென்ஸில், மண்டப வெளிச்சத்தின் அளவில் நிறுத்திப் பார்த்தேன். நண்பரின் கண்ணைவிட்டுப் பெட்டி அகலவில்லை. தங்கை முகத்தில் அது அவ்வப்போது கழன்று காதுத்தோட்டுக்கும் தலைப்பூவுக்கும் போனது. காரணம் புரியாததல்ல. ஃபோகஸ் கணக்குக்கு ஒளியும் வேறுபாடும் வேண்டும். கறுத்த முகம் குறைந்த வெளிச்சத்தில் சென்சாருக்குத் திருப்பி அனுப்பும் ஒளி குறைவு. வெள்ளைப் பூவும் தங்கமும் பக்கத்தில் இருந்தால், அவற்றுக்காக எக்ஸ்போஷரைக் குறைக்கிறோம், முகம் இன்னும் உள்ளே போய்விடுகிறது. ஒளியை முகத்துக்காக வைத்தபோது தங்கையின் கண்ணையும் பிடித்தது. ஆகவே வெளிச்சம் வைப்பவரின் பொறுப்பும் இதில் உண்டு. ஆனால் இரண்டு முகத்தையும் நிறுத்திப் பார்க்காதவன் இதைச் சொல்லவே முடியாது.

கருவிகள் சிவந்த முகத்தை அளவாக வைத்துக்கொண்டது எங்கள் மாடியில் தொடங்கியதல்ல. பிலிம் காலத்தில் கோடாக் ஆய்வகங்கள் நிறம் சரிபார்க்க ஷெர்லி கார்டு என்ற படத்தை வைத்திருந்தன. பல்லாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறின. வெளிர்நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். அது ஃபோகஸைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் யார் முகத்தை வைத்துச் சோதிக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குக் காட்டியது. எதிர்ப்பக்கம் நமக்கு ஒரு முன்னோடியும் இருந்தார். பாலுமகேந்திரா இயக்கிய முதல் படம் 1977இல் கன்னடத்தில் வந்த கோகிலா. அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நடிகை ஷோபாவின் மாநிறத்தை மாவு பூசி மறைக்காமல், இயல்பான வெளிச்சத்தில் அந்த முகத்தையே அழகாக்கிக் காட்டியவர் அவர். அவர் படங்களைப் பார்த்துத்தான் நான் கேமராவைத் தொட்டேன். அப்படி வந்த நான் செய்த காரியம் இது.

காகிதத்தில் உள்ள எண்களையும் நான் இப்படித்தான் கையாண்டேன். எவ்வளவு இருட்டில் ஃபோகஸ் செய்யும் என்பதை ஈவி என்ற அளவில் சொல்வார்கள். கேனான் ஆர்6க்கு அது மைனஸ் 6.5. நிலவொளிக்கும் கீழே என்று பெரிதாகச் சொல்லிவந்தேன். அந்த எண்ணின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைச் சொன்னதில்லை: எஃப் 1.2 லென்ஸ், நடுப்புள்ளி, ஒற்றை ஷாட் முறை. நிறுவனம் மறைக்கவில்லை, அச்சிட்டே கொடுத்திருக்கிறது. மறைத்தது நான். என்னிடம் கேட்கும் பையன்கள் வைத்திருப்பது எஃப் 4 ஜூம் லென்ஸ். எஃப் 1.2இல் நுழையும் ஒளியில் ஏறக்குறைய 11இல் ஒரு பங்குதான் அதில் நுழையும். எடுப்பது ஒற்றை ஷாட் அல்ல, ஓடும் வீடியோ.

இப்போது நான் சோதிக்கும் முறை வேறு. எங்கள் பகுதியில் குழந்தை இயேசு ஆலயம் இருக்கிறது. வியாழக்கிழமை என்றால் எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். ஜனவரி 14 திருவிழாவுக்குச் சொல்லவே வேண்டாம். மாலையில் அந்தத் தெருக்களில் மெழுகுவர்த்திக் கடைகளின் வெளிச்சம், பூக்கடை எல்இடி, பஸ் ஹெட்லைட், குறுக்கும் நெடுக்குமாக ஆட்கள் என்று மண்டபத்துக்குள் வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கும்பிட வந்தவர்களைப் படம்பிடிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு தெரு முனையில், என் வீட்டாரையும் நண்பர்களையும் வைத்துத்தான் எடுக்கிறேன்.

முதலில் என் தங்கை கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு தலையைக் குனிந்து நடந்து வருவார். சுடர் முகத்துக்கு முன்னால் வரும்போது ஃபோகஸ் என்ன செய்கிறது? தலை நிமிர்ந்ததும் கண்ணுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? பிறகு ஒருவர் அவருக்கு முன்னால் கையை நீட்டி எடுப்பார். அடுத்து, பின்னால் ஒருவர் வந்து நின்று கேமராவை நேராகப் பார்ப்பார். நாத்தனார் நின்ற அதே நிலை. நான் யாரை எடுக்க விரும்புகிறேன் என்பதைத் திரையில் தொட்டுச் சொன்ன பிறகும் அது தாவுகிறதா என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகு தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பவும் நம் பக்கம் பார்ப்பார். வலைத்துணி போட்டும் ஒரு முறை. கண்ணாடி போட்டும் ஒரு முறை. விலையுயர்ந்த லென்ஸில் எடுத்ததையெல்லாம், பையன்கள் வாங்கும் லென்ஸிலும் எடுக்கிறேன். ஃபோகஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வழுக்கிப் போகிறதா, வெட்டி இழுக்கிறதா, படத்தின் அளவு சுருங்கி விரிகிறதா என்பதும் இதில் வரும். லென்ஸ் ப்ரீத்திங் என்று நாங்கள் சொல்வது இப்படி அளவு சுருங்கி விரிவதைத்தான். ஆட்டோவை நிறுத்திக் கையால் பிடிக்க ஒரு பட்டன் எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்கும் இப்போது மதிப்பெண் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் அந்தப் பட்டன்தான் காப்பாற்றும்.

எடுத்ததை வீட்டில் பெரிய மானிட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். தவறிய ஷாட்டுகளை ஒன்றுவிடாமல், வெட்டாமல் காட்டுகிறேன். கேமரா சொந்தமா இரவலா, எத்தனை கல்யாணத்தில் உழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 10க்கு இத்தனை என்று போடுவதை விட்டுவிட்டேன்.

அந்தத் தம்பியின் ஸ்டுடியோவுக்கு ஒருநாள் டிஸ்க்கோடு போனேன். தேவாலயத்தில் தவறிய ஷாட்டைப் போட்டுக் காட்டி, அதன் தேதியையும் காட்டி, அவர் வாங்குவதற்கு முன்பே இது என்னிடம் இருந்தது என்று சொன்னேன். செட்டிங்ஸைக் குறைத்தும் தவறியது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. "இத்தனை நாளா என் கைதான் சரியில்லைன்னு நெனச்சிட்டிருந்தேண்ணா" என்றார். பெரிய ஆர்டர்கள் இரண்டு மூன்றை வேண்டாமென்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவர் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸுக்கும் வராமல் போன மீதிக்கும் ஈடாகப் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டிய பணம். தன் கையின் மேல் அவர் இழந்த நம்பிக்கைக்கு என்னிடம் ஈடு இல்லை. அந்த மணப்பெண்ணின் முகத்துக்கும் இல்லை. அந்த வீட்டில் இனி அந்த முகூர்த்தத்தை யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது.

பழைய மதிப்பீடுகளைத் திரும்ப எடுத்து, எந்தெந்தக் கேமராவில் எதை மறைத்தேன் என்று ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். சில கேமராக்கள் இப்போது விற்பனையிலேயே இல்லை. இருந்தாலும் பழைய சந்தையில் அவற்றை யாரோ ஒருவர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். சிலவற்றில் நிறுவனங்கள் பின்னால் கொடுத்த மென்பொருள் மாற்றத்தால் ஃபோகஸ் நன்றாகவே தேறியிருக்கிறது. அதையும் அதே அக்கறையோடு எழுதுகிறேன். மிரர்லெஸ்ஸின் ஆட்டோஃபோகஸ் தனி ஆளாக உழைப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி என்று இன்றும் நம்புகிறேன். எங்கே அதை விட்டுக் கையைப் போட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த உதவி முழுதாகக் கிடைக்கும். அந்த இடத்தைச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணம் கட்டுமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் லென்ஸை மாட்டி, உங்கள் வீட்டு முகங்களை உங்கள் வீட்டு விளக்கில் எடுத்துப் பாருங்கள். என்னைப் போன்றவர்களிடம் கேட்க வந்தால், அந்தக் கேமரா தவறிய காட்சியை முதலில் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லையென்றால், ஒன்று நான் சரியாகச் சோதிக்கவில்லை, அல்லது மறைக்கிறேன். இரண்டில் எதுவானாலும் என் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.